மல்லாக்கக் கிடத்தாதீர்கள்

ஓடுகிறோம். சந்தைக்குள்ளேயே ஓடுகிறோம். வெளியே போகும் வழியைப் போலீஸ் லத்தியோடு அடைத்து நிற்கிறது. தம்பி முன்னால். என் மணிக்கட்டு அவன் பிடியில். கருப்பட்டிச் சிப்பங்கள் சரிகின்றன. ஒரு வாழைக்குலை என் காலில் விழுகிறது. மிதித்துக்கொண்டு ஓடுகிறேன்.

“குனி அக்கா! குனிஞ்சு ஓடு!”

முதல் வெடி. காய்ந்த தென்னை மட்டையை முழங்காலில் வைத்து ஒடித்தது போன்ற சத்தம். பலர் அதைப் பட்டாசு என்று நினைத்து நின்றார்கள். எனக்குத் தெரியும். அடுத்தது தகரக் கூரையில் பட்டது. நீண்ட விசில். அதற்கடுத்தது மரச்சீனிக் கிழங்குக் குவியலுக்குள் புகுந்தது. பொத். ஈரத் துணியைக் கல்லில் அடித்ததுபோல. குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கிழங்குக்காரி முன்னால் சாய்ந்தாள். தராசுத் தட்டின் மேல். தட்டு ஆடவில்லை.

என் கையைப் பிடித்திருந்த பிடி விட்டது. தம்பி விழுந்தான்.

அது ஐம்பத்து நாலு. மலையாள ராஜ்ஜியத்தில் இருந்த தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்களைத் தமிழ் ராஜ்ஜியத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராக ஊர்வலம் நடந்த காலம். ஊர்வலத்தை அடக்கப் போலீஸ் வந்த காலம். அந்தச் சந்தை விளவங்கோட்டுப் பக்கம் உள்ளது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. அன்று அங்கே நின்றவர்கள் பலர் இன்றும் அங்கேயே கடை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கே தெரியும்.

நான் கனகபாய். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்திருந்தேன். லீவு முடிந்தது. தம்பி தங்கராஜ் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட வந்தான். பஸ் ஓடவில்லை. சந்தையில் காத்து நின்றோம். அவ்வளவுதான். நாங்கள் ஊர்வலத்தில் இல்லை.

துப்பாக்கிச் சத்தம் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் போரைப் பார்த்தவள். நாற்பத்து நாலில் அஸ்ஸாமில் ஒரு பட்டாள ஆஸ்பத்திரியில் வேலை செய்தேன். பர்மா எல்லையிலிருந்து லாரி லாரியாகக் காயம்பட்டவர்கள் வருவார்கள். தாடை சிதறியவர்கள் சிலர் பிணமாகவே வந்தார்கள். காயத்தால் சாகவில்லை. வழியில் மல்லாக்கக் கிடத்தியதால் செத்தார்கள். சொந்த ரத்தமும் சொந்த நாக்கும் தொண்டையை அடைத்துச் செத்தார்கள். குப்புறக் கிடத்தி அனுப்பியவர்கள் பிழைத்தார்கள். அங்கே கற்றது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் மறந்து போயிற்று.

அந்தப் போர் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

துப்பாக்கி நின்றது. பிறகு அலறல் தொடங்கியது. எல்லாப் பக்கமும்.

தம்பி அலறுகிறான். வலது தொடை. வேட்டி நனைந்து கறுத்துக்கொண்டே வருகிறது. அவன் துண்டை உருவி, காயத்துக்கு மேலே சுற்றி, கீழே கிடந்த ஒரு சிரட்டை அகப்பையின் காம்பை உள்ளே விட்டு முறுக்கினேன். ரத்தம் குறைந்தது. நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு மீன்காரி தன் கூடையைக் கட்டிப்பிடித்துக் குந்தியிருந்தாள். தேங்காய்ப்பட்டணத்துக்காரி. பேர் அந்தோணியம்மா என்று பிறகு தெரிந்தது.

“இஞ்ச வாங்கோ! முட்ட வச்சு இதுல அழுத்துங்கோ! யாரு சொன்னாலும் எடுக்கப்பிடாது!”

ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முழங்காலை அவன் தொடையில் ஊன்றி முழுப் பாரத்தையும் போட்டாள். நான் எழுந்தேன்.

“அக்கா! என்ன விட்டுட்டுப் போறியா? அக்கா!”

போனேன். அலறுகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. சத்தம் போடாதவர்களைத்தான் முதலில் தேட வேண்டும். கிழங்குக்காரியிடம் போனேன். மூக்கருகே கன்னம் வைத்தேன். காற்று இல்லை. கழுத்தில் துடிப்பு இல்லை. கண்ணை மூடிவிட்டு நகர்ந்தேன்.

வாழைக்குலைகளுக்கு நடுவே ஒரு கிழவர். மல்லாக்கக் கிடந்தார். குண்டு படவில்லை. லத்தி அடி. மண்டையில். குறட்டை விட்டார். சுற்றி நின்றவர்கள், உறங்குகிறார், ஒன்றுமில்லை என்றார்கள். அது உறக்கம் இல்லை. நினைவு போனவனின் நாக்கு பின்னால் சரிந்து பாதி வழியை அடைக்கும் சத்தம். வாயில் விரல் விட்டேன். வெற்றிலைக் குதப்பல். வழித்து எறிந்தேன். தாடையை முன்னால் தள்ளி, ஒருக்களித்துக் கிடத்தி, மேல் காலை மடக்கி வைத்தேன். குறட்டை நின்றது. மூச்சு ஒழுங்காக வந்தது. வந்துகொண்டே இருந்தது. நான் பார்த்தேன். இதை அழுத்தி எழுதுகிறேன். அவரை விட்டு நகர்ந்தபோது அவர் நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

“இப்படியே கெடக்கட்டு! வாயில ஒண்ணும் ஊத்தப்பிடாது!” என்று சத்தமாகச் சொன்னேன். நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

அடுத்தவன் மண்டியிட்டிருந்தான். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, மாடு தண்ணீர் குடிப்பதுபோலத் தலையைத் தொங்கவிட்டிருந்தான். இளைஞன். நெஞ்சில் காய்ப்பு. பனையேறி. கீழ்த்தாடையின் முன்பகுதி இல்லை. ரத்தமும் பல்லும் எச்சிலும் கயிறு கயிறாக மண்ணில் இறங்கின. ஆனால் மூச்சு வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவன் உடம்புக்குத் தெரிந்திருந்தது, எப்படி இருந்தால் உயிரோடு இருக்கலாம் என்று.

அதைச் சுற்றி நின்றவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்துப் பின்னால் சாய்த்தார்கள். அன்பாகத்தான். தலைக்குக் கீழே துண்டை மடித்துக்கூட வைத்தார்கள். உடனே கொழகொழ என்ற சத்தம். பிறகு ஒரு கீச்சு. பிறகு ஒன்றும் இல்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்குகிறது. காற்று போகவில்லை.

“மல்லாக்கக் கெடத்தாதுங்கோ! கமத்துங்கோ! கமத்துங்கோலே!”

பாய்ந்து அவனைப் புரட்டினேன். விரல் விட்டு, பின்னால் போன நாக்கைத் தேடிப் பிடித்து முன்னால் இழுத்தேன். ரத்தக் கட்டி என் முழங்கை வரை வழிந்தது. காற்று உள்ளே போன சத்தம் கேட்டது. பானைக்குள் ஊதுவதுபோல. நாக்கைப் பிடித்துக்கொள்ளத் தாடை இல்லை. விட்டால் திரும்பவும் பின்னால் போய்விடும். பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் எனக்குப் பின்னால் சோடாவின் கோலி இறங்கிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கிறேன். சோடாக் கடைக்காரர் குனிந்திருக்கிறார். கிழவரை மல்லாத்திவிட்டார். தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்திருக்கிறார்.

“ஊத்தாதுங்கோ! முழுங்க மாட்டாரு! செத்துருவாரு!”

என் விரல்கள் இங்கே ஒருவன் நாக்கில். எழுந்தால் இவன் போவான். “யாராவது தடுங்கோ!” என்று கத்தினேன். சந்தை நிறைய ஆண்கள். ஒருவர்கூட அசையவில்லை. ஒருவர் நிலக்கடலை தின்றுகொண்டிருந்தார். உரித்த தோலைக் கீழே போட்டுக்கொண்டே பார்த்தார். சோடா ஊற்றப்பட்டது. இருமல். ஒரே ஒரு இருமல். பிறகு நுரை பொங்கும் சத்தம்.

சேலைத் தலைப்பில் குத்தியிருந்த ஊக்கைப் பல்லால் கடித்து எடுத்தேன். பனையேறியின் கண்ணைப் பார்த்தேன். நினைவு தெளிவாக இருந்தது. “நாக்குல குத்தப் போறேன் மக்கா. பொறுத்துக்கோ” என்றேன். இமையை மூடித் திறந்தான். நாக்கு நுனியில் ஊக்கைக் குத்திப் பூட்டினேன். அதில் ஒரு வாழை நாரைக் கட்டி, மறுமுனையை அவன் அரைக்கச்சையில் முடிந்தேன். அவன் ஒரு சத்தமும் எழுப்பவில்லை. என் மணிக்கட்டை மட்டும் ஒருமுறை அழுத்தினான்.

கிழவரிடம் ஓடினேன். உதடு நீலம். புரட்டிப் போட்டுத் தோள்களுக்கு நடுவே அடித்தேன். வாயை வழித்தேன். முதுகை அழுத்தி அழுத்தி விட்டேன். இனிப்பு வாடையோடு கலர் சோடா வந்தது. மூச்சு வரவில்லை.

சோடாக் கடைக்காரர் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னது இது:

“போற நேரத்துல தொண்ட நனைஞ்சுதான் போயிருக்காரு. அது போதும்.”

முகத்தில் திருப்தி. பொல்லாதவர் இல்லை அவர். சொன்னதைக் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

ஊர்வலத்தை நடத்தி வந்த பேச்சாளர் அப்போது வந்தார். வெடிச் சத்தம் கேட்டதும் ஒரு மாடி வீட்டுக்குள் புகுந்தவர். வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இல்லை. கூடவே ஒரு போட்டோக்காரர். பேச்சாளர் பனையேறியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இவன நிமுத்துங்க. முகம் தெரியணும். நாடு பாக்கணும்.”

“நாடு பாத்தா இவனுக்கு மூச்சு வருமா? தொடாதுங்கோ!”

“கொஞ்ச நேரந்தானே நர்சம்மா.”

கொஞ்ச நேரம்தான் அவனிடம் இருந்தது. நான் அவன் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். அப்படியே படம் எடுத்தார்கள். வாயைத் துடைக்கத் துணி வேண்டும் என்று அவர் கையிலிருந்த கொடியைக் கேட்டேன். அழுக்காகிவிடும் என்றார்.

இதற்குள் கிழவரின் வாழைக்குலைகள் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கியிருந்தன. பிணம் அங்கேயே கிடக்கிறது. குலைகள் தோளேறிப் போகின்றன. அந்தோணியம்மாவின் மீன் கூடையும் காலி. அவள் என் தம்பியின் தொடையை விட்டு முழங்காலை எடுக்கவில்லை. தன் மீன் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “எடுத்துத் தின்னுங்கலே, சவங்களே” என்று மட்டும் சொன்னாள்.

ரப்பர் வியாபாரி ஒருவரின் கார் நின்றது. கேட்டேன். பின் சீட்டுக்குப் புது உறை போட்டிருக்கிறது என்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மரச்சீனி ஏற்றி வந்த ஒரு காளை வண்டிக்காரர் தானாக வந்தார். ஒரு கடையின் நிரைப்பலகையைக் கழற்றி வண்டியில் போட்டோம். அதில் பனையேறியைக் குப்புறக் கிடத்தினோம். முகம் பலகைக்கு வெளியே தொங்கும்படி. நெற்றி தாங்குவதற்கு அந்தோணியம்மா தன் சும்மாட்டைக் கொடுத்தாள். தலையில் கூடைக்குக் கீழே வைக்கும் அந்தத் துணிச் சுருளைத்தான். மீன் வாடை. எங்களிடம் இருந்ததில் சுத்தமான துணி அதுதான். பக்கத்தில் தம்பி. அவன் என்னோடு பேசவில்லை.

வண்டி போகிறது. செம்மண் ரோடு. ஒவ்வொரு பள்ளத்திலும் பலகை குதிக்கிறது. நான் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறேன். மூச்சு. உள்ளே. வெளியே. கொழகொழப்பு வந்தால் விரல் விட்டு வழிக்கிறேன். தாடையிலிருந்து சொட்டுகிற ரத்தம் வண்டிக்குப் பின்னால் கோடு போட்டு வருகிறது. பேர் கேட்டேன். அவன் பலகையில் விரலால் எழுதினான். செல்லையன். எழுதத் தெரிந்தவன். இன்னொன்றும் எழுதினான். ரத்தத்திலேயே எழுதினான். “பிழைப்பேனா.”

“பிழைப்ப. கமந்தே கெட. யாரு சொன்னாலும் மல்லாக்கப் படுக்காத” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அஸ்ஸாமில் இதைவிடக் கேடான காயங்கள் பிழைத்தன. அவன் நாடித்துடிப்பு பலமாக இருந்தது. கை சூடாக இருந்தது. ரத்தம் குறைந்துகொண்டு வந்தது. அவன் பிழைத்திருப்பான்.

தாலுகா ஆஸ்பத்திரி. வராந்தா முழுக்க ஆட்கள். ஒரே டாக்டர். முழங்கை வரை சிவப்பாக இருந்தார். செல்லையனைக் குனிந்து பார்த்தார். ஊக்கைப் பார்த்தார். “நல்ல காரியம். இப்படியே இருக்கட்டும். தொடையை முதலில் முடிக்கிறேன், அடுத்து இவன்தான்” என்றார். உதவிக்கு ஆள் இல்லை, நீங்கள் வாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டார். சரியான முடிவு. தம்பி வெளுத்துப் போயிருந்தான். செல்லையனைக் கட்டிலில் குப்புறக் கிடத்தினோம். தலைமாட்டில் அந்தோணியம்மாவை நிறுத்தினேன். வார்டு ஆளிடம் சொன்னேன். வாசலில் நின்ற ஏட்டையாவிடமும் சொன்னேன். இவனைத் திருப்பக் கூடாது. திருப்பினால் சாவான். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

உள்ளே தம்பியின் ரத்தக் குழாயை விரலால் அடைத்துப் பிடித்திருக்கிறேன். ஜன்னலில் அந்தோணியம்மாவின் முகம்.

“நர்சம்மா! மல்லாக்கப் போட்டுட்டானுவ! என்ன வெரட்டி விட்டுட்டானுவ! ஓடி வா!”

டாக்டர் என் விரலைத் தள்ளிவிட்டுத் தன் விரலை வைத்தார். “போ!” என்றார். ஓடினேன்.

நடந்தது இது. காயம்பட்டவர்கள் எல்லோரும் கலகக் குற்றவாளிகள் என்று உத்தரவு. விலங்கு போட வேண்டும். அடையாளம் எழுத வேண்டும். அடையாளம் எழுத முகம் தெரிய வேண்டும். புரட்டினார்கள். இரண்டு கையையும் கட்டிலின் இரண்டு பக்கக் கம்பியிலும் பூட்டினார்கள். மீன் நாற்றம் என்று அந்தோணியம்மாவைத் துரத்தினார்கள். வார்டு ஆள் நாக்கில் ஊக்கைப் பார்த்தான். யாரோ காட்டுமிராண்டி செய்த வேலை என்று இரக்கப்பட்டுக் கழற்றினான். தலைக்கு ஒரு தலையணையும் வைத்தான்.

வாசலில் ஏட்டையா லத்தியைக் குறுக்கே பிடித்தார்.

“ஏமானே, விடுங்கோ! அவன் மூச்சு முட்டிச் சாவுறான்!”

“நீ இஞ்சத்த நர்ஸ் இல்ல. தள்ளி நில்லு.”

அவருடைய கைக்குக் கீழே குனிந்து நுழைந்தேன். இடது காதில் அடி விழுந்தது. ஒரு வெடி. பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கீழே விழுந்தேன். தரையில் கிடந்தபடி வலது காதால் கேட்டேன். கொழகொழ. கட்டிலின் இரும்புக் கால்கள் தரையில் தாளம் போடுகின்றன. விலங்கு கம்பியில் மோதுகிறது. மோதுகிறது. மோதுகிறது. பனையேறியின் தோள். அந்தக் கட்டிலையே இழுத்துக்கொண்டு புரளப் பார்க்கிறான். நான் சொன்னதை அவன் ஒருவன்தான் கேட்டான். கடைசி வரை கமந்து படுக்கப் பார்த்தான்.

பிறகு விலங்கு மோதவில்லை.

டாக்டர் கையைக்கூடத் துடைக்காமல் வந்தார். விலங்கைத் திற என்று கத்தினார். சாவி வேறொரு போலீஸ்காரரிடம் இருந்தது. அவர் எதிர்க்கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்துத்தான் வந்தார். அதுவரை செல்லையன் இரண்டு கையும் விரித்துக் கிடந்தான். டாக்டர் சுவரைப் பார்த்து நின்றார்.

துப்பாக்கிக் காயத்தால் இறந்தான் என்றார்கள். விசாரித்தவரிடம், இல்லை, மல்லாக்கக் கிடத்தியதால் இறந்தான் என்றேன். அதில் என்னம்மா வித்தியாசம் என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார். ஊர்வலக்காரர்களிடமும் சொன்னேன். அவர்களுக்கும் குண்டுதான் வேண்டியிருந்தது. குண்டால் செத்தவன்தான் தியாகி. தலையணையால் செத்தவனை வைத்து என்ன கூட்டம் போட முடியும்?

ஐம்பத்தாறில் தாலுகாக்கள் சேர்ந்தன. நாகர்கோவிலில் மேளம். லட்டு. மேடையில் அந்த ஊர்வலப் பேச்சாளர். அவருக்குப் பின்னால் மாலை போட்ட படங்கள். ஒன்றில் என் முதுகு தெரிந்தது. அதற்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் என் கையில் லட்டு வைத்தார். சாக்கடையில் போட்டேன். சேர்ந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். தமிழ் எனக்கும் தாய்மொழிதான். ஆனால் அந்த மேடையில் நின்றவர்களின் பக்கத்தில் நிற்க என்னால் முடியவில்லை.

தம்பி பிழைத்தான். கால் பிழைக்கவில்லை. முட்டுக்கு மேலே எடுத்தார்கள். நெடுநாள் என்னோடு பேசவில்லை. எவனோ ஒருத்தனுக்காக என்னை விட்டுப் போனாள் என்று ஊரெல்லாம் சொன்னான். ஒருநாள் அவனே கேட்டான்.

“அன்னைக்கு நான் கூப்பிட்டது ஒனக்குக் கேக்கலியா?”

“கேட்டுது மக்கா. கேட்டதுனாலதான் போனேன்.”

இப்போதும் அப்படியேதான் செய்வேன்.

கணக்கைச் சொல்லி முடிக்கிறேன்.

கிழங்குக்காரி. பேர் தெரியவில்லை. யாரும் தேடி வரவில்லை. அவளைக் கொன்றது குண்டு.

வாழைக்குலைக் கிழவர். பேர் பொன்னுமுத்து. பூதப்பாண்டிப் பக்கத்தில் மகளைக் கட்டிக் கொடுத்திருந்தார். அவரைக் கொன்றது சோடா.

செல்லையன். பனையேறி. எழுதப் படிக்கத் தெரிந்தவன். மனைவி அப்போது மாசமாக இருந்தாள். அவனைக் கொன்றது ஒரு கட்டில், இரண்டு விலங்கு, ஒரு தலையணை.

தங்கராஜின் வலது கால். நிச்சயமாகியிருந்த அவன் கல்யாணம். பெண் வீட்டார் வேண்டாம் என்றார்கள்.

என் இடது காது.

அந்தோணியம்மாவின் ஒரு கூடை மீன், ஒரு சும்மாடு.

இவ்வளவு.